கிழக்கின் கருங்கல்லுக்கு எத்தனை வயது? விஜயன் தொகுதி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கரையோர மணலையும் வாவிச் சேற்றையும் வயற்களியையும் விலக்கிப் பார்த்தால் அடியில் கிடப்பது ஒரே பாறைக் குடும்பம். படுவான்கரையில் தாந்தாமலையாகவும், வடமேற்கே குடும்பிமலையாகவும், தெற்கே சங்கமன்கண்டியாகவும் உகந்தையாகவும் அது தலைகாட்டுகிறது. புவியியலாளர் இதற்கு விஜயன் தொகுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊரில் நாம் கருங்கல் என்போம். உண்மையில் இது பழைய மக்மா, அதாவது பாறைக்குழம்பு, உறைந்து உண்டான கருங்கல், பின்னர் ஆழத்தில் வெந்து நசுங்கி நைஸ் என்ற வரிப்பாறை ஆனது.

இந்தக் கல்லின் வயதைப் பற்றிய கேள்வி இலங்கைப் புவியியலில் நெடுங்காலம் தீராமல் கிடந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளை ஆக்கியிருக்கும் உயர்நிலத் தொகுதி மூத்ததா, கிழக்குச் சமவெளியின் விஜயன் மூத்ததா? ஆரம்பகால வரைபடங்களை வரைந்தவர்களுக்கு விடை எளிதாகத் தெரிந்தது. மலை மேலே இருக்கிறது, விஜயன் கீழே விரிந்து கிடக்கிறது, ஆகவே விஜயனே அடித்தளம், அதுவே மூத்தது. அதன் பிறகு வந்தவர்களில் சிலர் இதை மறுத்தார்கள். மலைப்பாறையே நீரும் வெப்பமும் பட்டு மாறித்தான் விஜயன் ஆனது, ஆகவே அது இளையது என்றார்கள். இரு தரப்பும் கண்ணால் கண்டதை வைத்துத்தான் பேசின. இவ்வளவு உருமாறிய கல்லில் கண் பார்வை ஓரளவுக்குத்தான் உதவும்.

விடை கிடைத்த வழியை இங்கே விரித்துச் சொல்கிறேன். அந்த வழி நெடுக ஒரே தடை வெவ்வேறு வேடத்தில் வந்து நிற்கிறது: கலவை. இரண்டு வெவ்வேறு காலத்துப் பொருள் ஒரே மாதிரியில் கலந்திருந்தால், கருவி நடுவில் ஓர் எண்ணைத் தரும். அந்த எண் எந்த நிகழ்வின் வயதும் ஆகாது.

முதல் முயற்சி: ருபீடியம்

1969இல் குரோஃபர்ட், ஒலிவர் இருவரும் ருபீடியம்–ஸ்ரொன்ஷியம் முறையால் இலங்கைப் பாறைகளின் வயதை அளந்து வெளியிட்டார்கள். ருபீடியம்-87 சிதைந்து ஸ்ரொன்ஷியம்-87 ஆகிறது. அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 49 பில்லியன் ஆண்டு. ஒரே மக்மாவில் இருந்து வந்த பல மாதிரிகளை எடுத்து, விகிதங்களை வரைபில் இட்டு, புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டின் சாய்வில் இருந்து வயதைப் படிப்பார்கள். அந்த அளவீடுகள் விஜயன் இளையது என்ற பக்கமே சாய்ந்தன.

பக்கம் சரி, கோட்டைத்தான் முழுதாக நம்ப முடியாது. ருபீடியம் பொட்டாசியத்தின் உறவினர். மைக்காவிலும் பெல்ட்ஸ்பாரிலும் தங்கும், சூடான நீர் ஊடுருவினால் இடம்பெயரும். விஜயன் பாறையோ 600, 700 பாகை செல்சியஸ் வெப்பத்தில், நீர் கலந்த சூழலில் மறுபடி வெந்த பாறை. அதில் ருபீடியம் பிறந்த இடத்திலேயே இருந்தது என்று எப்படி நம்புவது? பாதி அழிந்த பழைய கணக்கும் பாதி எழுதிய புதுக் கணக்கும் சேர்ந்தாலும் வரைபில் நேர்கோடு போன்ற ஒன்று விழும். அந்தக் கோட்டின் சாய்வு கலவையின் சாய்வு.

மூலப்பொருளின் வயது

1980களின் நடுவில் இலங்கை, ஜேர்மன் ஆய்வாளர்கள் கூட்டாக வேலை செய்யத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 1988இல் மிலிசெண்டாவும் உடன் ஆய்வாளர்களும் சமாரியம்–நியோடிமியம் முறையைக் கொண்டு நாட்டையே வயது மாகாணங்களாகப் பிரித்தார்கள். சமாரியம்-147 சிதைந்து நியோடிமியம்-143 ஆகும், அரைவாழ்வு 106 பில்லியன் ஆண்டு. இரண்டும் அருமண் தனிமங்கள், குணத்தில் அண்ணன் தம்பி, ஆகவே உருமாற்றத்தின் வெப்பமும் நீரும் அவற்றைப் பெரிதாகப் பிரிப்பதில்லை. இந்த முறை தரும் ‘மாதிரி வயது’ கல் உறைந்த நாளைச் சொல்வதில்லை. அந்தக் கல்லின் மூலப்பொருள் பூமியின் மூடகத்தை (மேலோட்டின் அடியில் உள்ள படையை) விட்டுப் பிரிந்து மேலோட்டில் சேர்ந்த காலத்தைச் சொல்கிறது.

விளைவு தெளிவாக இருந்தது. நடுவில் உயர்நிலத் தொகுதி, மாதிரி வயது பெரும்பாலும் 2,000 முதல் 3,400 மில்லியன் ஆண்டு. கிழக்கில் விஜயன், ஏறத்தாழ 1,100 முதல் 1,800. மேற்கிலும் வடக்கிலும் வன்னிப் பக்கம், 1,000 முதல் 2,000. மூத்த பட்டை ஒன்று நடுவில், இளைய பட்டைகள் இரு புறமும். விஜயன் மலைப்பாறை மாறி உண்டானது என்ற கருத்து இத்தோடு விழுந்தது. தகப்பனின் நியோடிமியம் கையெழுத்து பிள்ளையில் அழியாமல் இருக்க வேண்டும், இங்கே அது இல்லை. 1991இல் குரோனர், கூரே, விதானகே மூவரும் உயர்நிலம், வன்னி, விஜயன், கடுகண்ணாவை என்று தந்த பிரிப்புக்கு இந்த வரைபடமே முதுகெலும்பு.

ஆனாலும் 1,100 முதல் 1,800 வரையான அந்த வீச்சைக் கவனமாகப் படிக்க வேண்டும். விஜயனில் 1,500 மில்லியன் ஆண்டு மாதிரி வயது வந்தால், அந்தக் காலத்தில் கிழக்கில் ஏதோ நடந்தது என்று பொருள் கொள்ளக் கூடாது. 1,050 மில்லியன் ஆண்டளவில் மூடகத்தில் இருந்து புதிதாக எழுந்த மக்மா, வழியில் இன்னும் பழைய மேலோட்டைக் கொஞ்சம் கரைத்துக் கொண்டு வந்திருந்தாலும் 1,500 என்ற எண்ணே கிடைக்கும். 1,100ஐ ஒட்டி வரும் மாதிரிகள் ஏறத்தாழத் தூய புது மக்மா, 1,800ஐ ஒட்டியவை பழசைக் கூடுதலாகச் சேர்த்தவை என்று படிப்பதே பொருத்தம்.

சிர்க்கோன் மணி

மக்மா உறைந்த நாளைச் சொல்லக்கூடிய நம்பகமான சாட்சி சிர்க்கோன். இரத்தினபுரிப் பக்கத்துக் கல் வியாபாரிக்கு அது ஒரு மணிக்கல். புவிக்காலவியலாளருக்கு அதைவிடப் பெரிய செல்வம். உலகெங்கும் உள்ள ஆய்வுகூடங்கள் தங்கள் கருவியைச் சரிபார்க்க வைத்திருக்கும் நியமக் கற்களில் இலங்கைச் சிர்க்கோன்கள் சில உண்டு: எஸ்எல்13, வயது 572 மில்லியன் ஆண்டு, எம்257, வயது 561.3 மில்லியன் ஆண்டு. எந்த நாட்டுப் பாறையின் வயதை அளந்தாலும் இலங்கைக் கல் ஒன்று தராசுப்படியாக உடன் நிற்பது நம் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி. இந்தத் தொடர்பும் பழையது. கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராக இருந்த ஆனந்த குமாரசுவாமி 1904இல் கண்டறிந்த தோரியனைட் என்ற தோரியக் கனிமத்தைக் கொண்டுதான் 1910ஐ ஒட்டி பிரித்தானிய இயற்பியலாளர் ஸ்ட்ரட் ஹீலியம் உருவாகும் வீதத்தை அளந்து கனிமங்களின் குறைந்தபட்ச வயதைக் கணக்கிட்டார்.

சிர்க்கோன் வளரும்போது யுரேனியத்தைத் தன் படிகத்துக்குள் ஏற்கும், ஈயத்தை ஏற்காது. பின்னாளில் உள்ளே காணும் ஈயம் ஏறத்தாழ முழுவதும் யுரேனியமும் தோரியமும் சிதைந்து வந்தது. யுரேனியத்தில் இரண்டு கடிகாரங்கள் சேர்ந்து ஓடுகின்றன. யுரேனியம்-238க்கு அரைவாழ்வு 4,468 மில்லியன் ஆண்டு, அது ஈயம்-206 ஆகும். யுரேனியம்-235க்கு 704 மில்லியன் ஆண்டு, அது ஈயம்-207 ஆகும். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் புள்ளி ஒத்திசைவு வளைகோட்டில் விழும். 1956இல் வெதரில் தந்த வரைபு இது. காட்டாவிட்டால் ஏதோ குழப்பம் நடந்திருக்கிறது.

வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பிழை நுழையும் வாசல் முதல் நாளே திறக்கிறது. கல்லுடைக்கும் இடத்தில் புதிதாக வெட்டிய முகத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கறுப்பு மைக்காவும் ஹோர்ன்பிளெண்டும் வரிவரியாக ஓடும். அதற்கு இடையில் வெளிறிய இளஞ்சிவப்பு நரம்புகள், சில விரலளவு, சில கையகலம். சில இடங்களில் பெல்ட்ஸ்பார் கண் வடிவில் திரண்டு, சுற்றிலும் மைக்கா வளைந்து போகும். சாம்பல் பகுதி ஆதி மக்மா. இளஞ்சிவப்பு நரம்பு பல வேளைகளில் பின்னர் கல் மறுபடி உருகத் தொடங்கியபோது வடிந்த சாறு. இரண்டையும் ஒரே பையில் போட்டால் இரண்டு காலத்துச் சிர்க்கோனும் ஒன்றாகிவிடும், அதன் பிறகு எந்தக் கருவியும் நம்மைக் காப்பாற்றாது. நரம்பை உளியால் தட்டி எடுத்துத் தனிப் பையில் போட வேண்டும், எந்தப் பை எது என்று வெளியிலேயே எழுத வேண்டும்.

பிறகு கல்லை நொறுக்கி, சலித்து, நீரிலும் அடர்த்திகூடிய திரவத்திலும் பிரித்து, காந்தத்தால் இரும்புக் கனிமங்களை நீக்கி, நுண்ணோக்கியின் கீழே மணிமணியாகப் பொறுக்குவார்கள். ஒரு மில்லிமீற்றரில் பத்திலொன்று, ஐந்திலொன்று நீளம். பிசினில் பதித்துப் பாதியாகத் தேய்த்து, இலத்திரன் கற்றையில் ஒளிரச் செய்து படம் எடுத்தால்தான் உள்ளமைப்பு தெரியும். விஜயன் மணியில் வழக்கமாகக் காண்பது இரண்டு பாகம். நடுவில் மெல்லிய வரிகள் அடுக்கடுக்காக ஓடும் கரு, இது மக்மாவில் மெல்ல வளர்ந்ததன் அடையாளம். சுற்றி வரியில்லாத, ஒரே நிறமான விளிம்பு, இது உருமாற்றத்தில் பூசியது. தோரியம்–யுரேனியம் விகிதமும் துணை நிற்கும். மக்மாக் கருவில் அது பெரும்பாலும் கூட, உருமாற்ற விளிம்பில் பல வேளைகளில் மிகக் குறைவு.

இதன் மேல் அயன் கற்றை 20, 30 மைக்ரோன் அகலத்தில் ஒரு புள்ளியைக் குடைந்து ஈயத்தையும் யுரேனியத்தையும் எண்ணுகிறது. கன்பராவில் கொம்ஸ்டனின் குழு உருவாக்கிய இந்தவகைக் கருவியால் 1987இலேயே இலங்கைச் சிர்க்கோன்கள் அளக்கப்பட்டன. உயர்நிலத்தின் பழைய மணல்களில் 3,200 மில்லியன் ஆண்டு வரை போகும் மணிகள் வெளிப்பட்டன. விஜயனில் கருக்கள் 1,000 முதல் 1,100 மில்லியன் ஆண்டு என்று தொடர்ந்து வந்தன. 2013இல் குரோனரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட விரிவான வேலை வயதோடு நியோடிமியம், ஹாப்னியம் சமதானிகளையும் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களையும்) இரசாயனத்தையும் சேர்த்து இதை உறுதிசெய்தது. விளிம்புகள் 600க்கும் 500க்கும் இடைப்பட்ட காலத்தைச் சொல்கின்றன: தென்கண்டங்கள் சேர்ந்த பெருங்கண்டமான கொண்டுவானா ஒட்டிய காலம், இமயமலைக்கு ஒப்பான மலைத்தொடர் ஒன்று கிழக்கு ஆபிரிக்காவில் இருந்து இலங்கை ஊடாக அந்தாட்டிக்கா வரை எழுந்த காலம்.

கற்றை எல்லையில் விழுந்தால்

கருவின் வயது 1,050, விளிம்பின் வயது 560 மில்லியன் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். கருவில் ஈயம்-206/யுரேனியம்-238 விகிதம் 0.177, ஈயம்-207/யுரேனியம்-235 விகிதம் 1.81. விளிம்பில் 0.091, 0.736. கற்றை இரண்டின் எல்லையில் விழுந்து யுரேனியத்தைச் சரிபாதியாக எடுத்தால் விகிதங்கள் ஏறத்தாழ 0.134, 1.27 ஆகும். முதல் கடிகாரம் 810 மில்லியன் ஆண்டு என்கிறது, இரண்டாவது 834 என்கிறது. வித்தியாசம் மூன்று வீதம் மட்டுமே! இரண்டு ஈயங்களின் விகிதத்தை மட்டும் வைத்துக் கணிக்கும் ஈயம்-207/206 வயது 900. அதனோடு ஒப்பிட்டாலும் விலகல் பத்து வீதம், அதாவது பலரும் ‘ஏற்கலாம்’ என்று வைக்கும் எல்லையிலேயே நிற்கிறது. வரப்பின் மேல் கால்வைத்து நிற்பவனைப் பார்த்து, இரண்டு வயலுக்கும் நடுவே மூன்றாவது வயல் ஒன்று இருக்கிறது என்று எழுதிவிடுவது போல ஆகிவிடும்.

மலைநாட்டுப் பாறையில் இந்த அபாயம் குறைவு. கரு 1,900, விளிம்பு 560 என்றால் அதே சரிபாதிக் கலவை 1,265, 1,437, 1,700 என்று மூன்று வெவ்வேறு எண்ணைத் தரும். குழப்பம் உடனே வெளிப்படும். விஜயனில் இரண்டு நிகழ்வும் வளைகோட்டில் நெருங்கிக் கிடப்பதால், அவற்றை இணைக்கும் நாண் வளைகோட்டை ஒட்டியே போகிறது. கலவை தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. கிழக்குப் பாறையின் தனிச் சிக்கல் இது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017இல் வந்த ஓர் ஆய்வு, விஜயன் தொகுதியின் எல்லையோரப் பகுதிகளில் 820 முதல் 640 மில்லியன் ஆண்டு வரையான வயதுக் குறிகளை அறிவித்து, கொண்டுவானா கூடிய காலத்து மக்மாத் துடிப்புகளாக அவற்றை வாசித்தது. அப்படி ஒன்று நடந்திருக்கலாம். வன்னிப் பக்கத்தில் அந்தக் காலத்து மக்மா இருந்ததே. ஆனால் விஜயனில் அதை நான் முழு மனதோடு ஏற்க மூன்று அடையாளம் ஒன்றாக வேண்டும். அந்த வயது தரும் பகுதியில் மக்மா வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். வயதுகள் நாண் நெடுகச் சிதறாமல் ஓரிடத்தில் குவிய வேண்டும். ஹாப்னியம் சமதானி விகிதம் கருவினதில் இருந்து வேறுபட வேண்டும், ஏனெனில் பழைய கரு இருந்த இடத்திலேயே மறுபடிகமானால் ஈயம் கழன்றாலும் ஹாப்னியம் அப்படியே நிற்கும். புது மக்மாவென்றால் புது ஹாப்னியம்.

கல் எங்கே பிறந்தது

வயது காலத்தைச் சொன்னது, இடத்தைச் சொல்வது இரசாயனம். உருமாறிய பாறையில் பொட்டாசியம், ருபீடியம், பேரியம் மூன்றையும் அளவோடுதான் நம்பலாம். நயோபியம், தந்தாலம், தைத்தேனியம், சிர்க்கோனியம், அருமண்கள் இவை எளிதில் அசையாதவை. விஜயனில் பெரும்பாலான சாம்பல் நைஸ்களில் நயோபியம், தந்தாலம், தைத்தேனியம் ஒப்பீட்டு வரைபில் பள்ளமாக விழுகின்றன, மக்மாவில் எளிதாகச் சேரும் பெரிய அயன்கள் மேடாக எழுகின்றன. ஒரு கடல்தகடு இன்னொரு தகட்டின் கீழே அமிழும்போது, அதிலிருந்து வெளியேறும் நீர் மூடகத்தை உருக்கி எழுப்பும் எரிமலை வில்லின் கையெழுத்து இது. நீர் பெரிய அயன்களை மேலே சுமந்து வரும், நயோபியத்தை விட்டுவிட்டு வரும். ஆக 1,000 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் கிழக்கு இலங்கை ஒரு எரிமலை வில். இன்றைய சுமாத்திரா, அந்தீஸ் போன்ற ஒன்றின் அடிவயிறுதான் குடும்பிமலை.

உயர்நிலம் இதற்கு அடித்தளமும் இல்லை, மகவும் இல்லை. இரண்டும் வேறு வேறு இடத்தில் பிறந்து, கொண்டுவானா மோதலில் முகத்தோடு முகம் முட்டின. மோதலில் உயர்நிலம் விஜயன் மேல் ஏறியது. அதனால் மேலே கிடப்பது மூத்தது, கீழே கிடப்பது இளையது. ஆரம்பகால வரைபடக்காரர்களைத் தடுமாற வைத்தது இந்த ஏற்றந்தான்.

இதற்குச் சாட்சி ஒவ்வோர் ஆண்டும் நம்மவர் நடக்கும் வழியிலேயே இருக்கிறது. கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் உகந்தையில் தங்கி, குமணைக் காட்டில் இறங்கி, யாலை ஊடாகப் போகிறார்கள். உகந்தைக் கோயிலடிப் பாறை விஜயன். நடை முழுவதும் விஜயன். கதிர்காமத்தைச் சுற்றியுள்ள குன்றுகளை எட்டும்போது கால் உயர்நிலப் பாறையில் படுகிறது. மேலேறிய பெரும் பாறைத் தகட்டில் எஞ்சியதை அரிப்புத் துண்டித்து விஜயன் நடுவே தீவாக விட்டுவைத்தது. புத்தளையிலும் அப்படியொரு தீவு உண்டு. இரண்டு வயதும் இரண்டு வரலாறும் ஒரே யாத்திரையில் கால்படுவது இந்த நாட்டில் வேறெங்கும் இவ்வளவு தெளிவாக இல்லை என்பது என் எண்ணம். உயர்தர வகுப்பில் பாறை படிக்கும் பிள்ளைகள் அந்த நடையில் ஒரு குறிப்பேடு கொண்டுபோக வேண்டும்.

உயர்நிலத்துக்கும் விஜயனுக்கும் இடையிலான எல்லைக்கோடு அம்பாறை மாவட்டத்துக்கும் கிட்ட வருகிறது. மகா ஓயா வெந்நீர் ஊற்று உட்படக் கிழக்கின் ஊற்றுகள் பல அந்தக் கோட்டை அண்டியே கிடக்கின்றன. சேருவிலையின் செம்பு–மக்னடைற்றுப் படிவும், தெற்கே உசங்கொடையின் சேர்ப்பன்டைன் பாறையும் அதே கோட்டை ஒட்டியவை. இவற்றைத் தொலைந்துபோன கடலடியின் எச்சம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது இன்னும் சான்றை மிஞ்சிய கூற்று.

மிஞ்சி நிற்கும் கேள்வி

2013 ஆய்வு தன் தலைப்பிலேயே விஜயனை மூலம் தெரியாத மக்மா வில் என்று சொன்னது. ஒப்பிடத்தக்க உறவினர் இரண்டு இடத்தில் உண்டு: வட மொசாம்பிக்கின் நம்புலாத் தொகுதி, அந்தாட்டிக்காவில் குயின் மோட் நிலத்தின் மோட் பட்டை. இரண்டிலும் 1,000–1,100 மில்லியன் ஆண்டு மக்மா, 500–600 மில்லியன் ஆண்டு உருமாற்றம். கொண்டுவானா வரைபடத்தில் இலங்கையை அதன் இடத்தில் பொருத்தினால் மூன்றும் கிட்டக் கிட்ட வருகின்றன. ஆனாலும் வயது ஒத்துப்போவது உறவுக்கு முழுச் சான்று ஆகாது; அதே காலத்தில் உலகின் பல மூலைகளில் எரிமலை விற்கள் இருந்தன, கொண்டுவானாவுக்கு முந்திய பெருங்கண்டமான ரொடீனியா கூடிய காலம் அது.

அடுத்துச் செய்யத்தக்கது நம் மாவட்டங்களிலேயே இருக்கிறது. மகா ஓயாவில் தொடங்கி அம்பாறை, சம்மாந்துறை வழியாகக் கடற்கரை நோக்கி, எல்லைக்குக் குறுக்காக ஒரு கோட்டில் சாம்பல் நைஸை மட்டும், நரம்பு கலவாமல் எடுக்க வேண்டும். எரிமலை வில்லில் அமிழும் தகட்டில் இருந்து தள்ளிப் போகப் போக மக்மாவில் தோரியமும் இலேசான அருமண்களும் கூடும், நியோடிமியம் சமதானியும் பழைய மேலோட்டின் பக்கம் சாயும். அந்தப் போக்கு கிழக்கில் இருந்து மேற்காகவா, மேற்கில் இருந்து கிழக்காகவா என்று தெரிந்தால், ஆதிக்கடல் எந்தப் பக்கம் இருந்தது, பழைய கண்டம் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லலாம். மோதலில் பாறைத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரிசை குலைந்திருக்கும், ஆகவே ஒவ்வொரு மாதிரியிலும் சிர்க்கோன் கருவின் ஹாப்னியத்தையும் சேர்த்து அளக்காமல் அந்தப் போக்கைப் படிக்கக் கூடாது. நம்புலாவின் போக்கும் இதே பக்கம் சாய்ந்தால், உறவு பற்றிப் பேசத் தொடங்கலாம்.